சாம்போவின் நிறம்

குழந்தைகளுக்கு என்ன எழுதுவது என்று இங்கு நடக்கும் பேச்சு பெரும்பாலும் கருத்து பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எல்லா மனிதரும் சமம், நிறத்தில் உயர்வு தாழ்வு இல்லை, பிறர் வழக்கங்களை மதிக்க வேண்டும் - இவை கதையில் இருந்தால் அது நல்ல கதை. அதைப் படிக்கிற குழந்தை நல்ல குழந்தை. உள்ளடக்கத்தை மட்டும் தராசில் போட்டுக் கலையை நிறுக்கும் பழக்கத்தைப் பெரியவர்களுக்கான எழுத்து விஷயத்தில் நாம் எத்தனையோ தடவை கண்டித்தாகிவிட்டது. குழந்தை எழுத்து என்று வந்ததும் நாமே அந்தத் தராசைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

குழந்தை புத்தகத்திலிருந்து கருத்தைக் கற்றுக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாருக்காகப் பயப்பட வேண்டும், யாருடைய முகம் முகமாக இருக்கிறது, யாருடைய முகம் வேடிக்கையாக இருக்கிறது - இதைத்தான் கற்றுக்கொள்கிறது. கற்பிப்பது கதையின் பெயர்கள், படங்கள், வாக்கியங்களின் தொனி, சுருக்கமாக, உருவம். நீதி வாக்கியம் வருவதற்குள் பாடம் முடிந்துபோயிருக்கும். இதை ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்றாலும் நமக்கு அந்நியமானதல்ல.

ஹெலன் பானர்மன் (1862-1946) எடின்பரோவில் பிறந்தவர். இந்திய மருத்துவ சர்வீஸில் இருந்த டாக்டர் ஒருவரின் மனைவி. சுமார் முப்பது வருஷம் இந்தியாவில் இருந்தார். மதராஸ் ராஜதானியும் அதில் அடக்கம். 1898-ல், தம் இரு பெண்களையும் கொடைக்கானலில் விட்டுவிட்டுத் திரும்பிய நீண்ட ரயில் பயணத்தில், அவர்களுக்காக ஒரு கதை எழுதிப் படமும் வரைந்தார் என்று சொல்லப்பட்டு வருகிறது. 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற அந்தப் புத்தகம் 1899-ல் லண்டனில் வெளியாயிற்று. உரிமை 5 பவுண்டுக்குக் கைமாறியது. வங்கிக் குமாஸ்தாவின் கண்ணுக்கு இந்த 5 பவுண்டு தனியாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்துக்கு யார் என்ன படம் போட்டாலும் கேட்க அவருக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று.

கதை இதுதான். சாம்போ என்ற பையனுக்கு அம்மா மம்போ சிவப்புக் கோட்டும் நீல நிஜாரும் தைத்துத் தருகிறாள். அப்பா ஜம்போ கடைத்தெருவிலிருந்து பச்சைக் குடையும் ஊதா நிறச் செருப்பும் வாங்கிவருகிறார். எல்லாவற்றையும் அணிந்துகொண்டு பையன் காட்டுக்குள் போகிறான். நான்கு புலிகள் ஒவ்வொன்றாக மறிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைக் கொடுத்து உயிர் தப்புகிறான். நாலு கால் உள்ள எனக்கு இரண்டு செருப்பு எதற்கு என்று கேட்கும் புலிக்கு, காதில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறான். பிறகு புலிகளுக்குள் யார் பெரியவர் என்று தகராறு. ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. நெய் என்ற சொல்லை அதன் இந்திய உருவிலேயே ஆசிரியை குறிப்பிடுகிறார். அந்த நெய்யில் அம்மா பணியாரம் மாதிரி ஒன்று சுடுகிறாள். அம்மா 27, அப்பா 55, பையன் 169.

கச்சிதமான கதை. ஒரு சொல் மிகையில்லை. நான்கு முறை திரும்ப வரும் நிகழ்ச்சியில் நான்கு முறையும் ஒரு சின்ன மாற்றம். கடைசியில் பயம் முழுவதும் பலகாரமாகிவிடுகிறது. நம் தராசுக்காரர்களிடம் கொடுத்தால் நூற்றுக்கு நூறு போடுவார்கள். கறுப்புப் பையன் கதாநாயகன். அன்பான அம்மா அப்பா. பலத்தைப் புத்தி வெல்கிறது. அகம்பாவம் அழிகிறது. இதற்குமேல் என்ன கருத்து வேண்டும்?

படத்தைப் பாருங்கள். கரியைப் பூசியது போன்ற முகம், அகன்ற சிவந்த வாய், உருண்ட வெள்ளை விழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு கறுப்பு மக்களைப் போல் ஆடிக் காட்டிய மேடைக் கூத்தின் முகம் அது. பெயர்களோ அதைவிட மோசம். 'சாம்போ' என்பது கறுப்பு மனிதனை ஏளனமாக அழைக்கும் பெயராக அதற்கு வெகுகாலம் முன்பே வழங்கிவந்தது. அப்பா அம்மா பெயர் இரண்டையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் அர்த்தமற்ற பிதற்றல் என்று பொருள். கதை பையனை ஜெயிக்க வைக்கிறது. பெயரும் படமும் அவனைத் தோற்கடிக்கின்றன. 1932-ல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்த வகைப் புத்தகங்களைப் பற்றி எழுதினார். வெள்ளைக் குழந்தைக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், ஏற்கெனவே காயம்பட்ட குழந்தைக்கு இது இன்னொரு வலி என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரே வாக்கியத்தை இரண்டு குழந்தைகள் இரண்டு விதமாகக் கேட்கின்றன என்பதை ஒரு கவிஞர்தான் முதலில் கவனித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பானர்மன் துவேஷம் நிறைந்தவர் என்று நான் நினைக்கவில்லை. தம் பெண்களின் மேல் இருந்த பிரியத்தில் எழுதினார். விஷயத்தின் கனம் அங்குதான் இருக்கிறது. துவேஷம் இல்லாமலே அவமதிப்பு சாத்தியம். பிரியத்தோடு, மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதைக் கொடுத்துவிட முடியும்.

புத்தகத்துக்காக வாதாடுகிறவர்கள் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: ஆப்பிரிக்காவில் புலி ஏது? நெய் ஏது? சாம்போ இந்தியப் பையன்; ஆகவே கறுப்பு மக்கள் கோபித்துக்கொள்ள இடமில்லை. அமெரிக்காவில் 1957-ல் ஆரம்பித்து ஆயிரம் கிளைகளுக்கு மேல் பெருகிய ஒரு உணவு விடுதி இந்தப் பெயரையே வைத்துக்கொண்டு, பையனைத் தலைப்பாகை கட்டிய இந்தியச் சிறுவனாகச் சுவரில் வரைந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த விடுதி 2020-ல்தான் அந்தப் பெயரை விட்டது. இந்த வாதத்தின் லட்சணத்தைப் பாருங்கள். அவமானம் அவமானம்தான் என்று அது மறுக்கவில்லை. விலாசம் தவறு என்று மட்டும் சொல்கிறது. தபாலை மாற்றி நம் வீட்டில் போட்டுவிட்டால் சரியாகிவிடுமாம்.

அமெரிக்கரைச் சொல்லி என்ன? நான் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் இந்தப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது, பானர்மனின் படங்களோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டினேன். அவளுக்கு ஆறு வயது. சிரித்தாள், நானும் சிரித்தேன். புலி நெய்யான இடத்தில் கேட்டாள்: "அப்பா, இவன் நம்ம ஊர்ப் பையனா?" ஒரு க்ஷணம்கூட யோசிக்காமல், "இல்லைம்மா, ஆப்பிரிக்கா" என்றேன்.

புலி கண்ணெதிரே நிற்கிறது. நெய் என்று அச்சில் இருக்கிறது. கொடைக்கானல் விஷயமும் எனக்குத் தெரியும். இருந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த முகம் என் முகமாக இருந்துவிடக் கூடாது என்ற பதற்றம். வேடிக்கையை அனுபவிக்க வேண்டும், ஆனால் வேடிக்கைப்பொருள் நானாக இருக்கக் கூடாது. வெள்ளைக்காரர் நம் தலையில் வைத்ததை அப்படியே இறக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டேன். எனக்குப் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கற்பித்ததில் இதுவும் ஒரு பகுதி போலும்: வாசிக்கும்போது எப்போதும் எழுதினவரின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது.

இந்தப் பதற்றத்தின் மறுபக்கத்தை 1919-ல் அமெரிக்காவில் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் சந்தித்தார். அவர் நடத்திவந்த 'கிரைசிஸ்' பத்திரிகை வருஷந்தோறும் ஒரு குழந்தைகள் இதழ் கொண்டுவரும். ஆனால் கறுப்பு மக்களை மரத்தில் தூக்கிலிட்ட செய்திகளையும் அதே பத்திரிகைதான் போட்டாக வேண்டும். படித்த ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், வெள்ளையரைத் தானும் வெறுப்பதாக எழுதினாள். உண்மையை மறைக்க முடியாது. உண்மை வெறுப்பைக் கற்பிக்கிறது. என்ன செய்வது? டூபாய்ஸ் உபதேசத்தில் இறங்கவில்லை. ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற நாவலாசிரியையோடு சேர்ந்து 'பிரௌனீஸ் புக்' என்று குழந்தைகளுக்கான தனி மாத இதழே ஆரம்பித்தார். கறுப்புக் குழந்தைகளின் புகைப்படங்கள், வாழ்க்கை வரலாறுகள், பிற தேசக் கதைகள், விளையாட்டுகள், வாசகக் குழந்தைகளின் கடிதங்கள். பின்னால் சாம்போவைப் பற்றி எழுதிய அதே ஹியூஸின் ஆரம்பக் கவிதைகள் 1921-ல் வந்தது இதில்தான். 1920 ஜனவரியிலிருந்து 1921 டிசம்பர் வரை 24 இதழ்கள். பிறகு சந்தா போதாமல் நின்றது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த எண்ணிக்கையை விளக்க வேண்டியதில்லை. 24 இதழ் ஒரு கவிஞருக்குக் கதவு திறந்துவிடப் போதும் என்பதையும்.

ஆனால் பெரிய கடைகளில் எதுவும் மாறவில்லை. 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் கணக்கெடுத்தார். மூன்று வருஷங்களில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரு கறுப்பு மனிதராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. பேரேட்டில் வராத கணக்கு இல்லாத கணக்கு.

அந்த 349-ன் காலத்தைச் சேர்ந்தது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'ஸ்னோயி டே' (1962). பீட்டர் என்ற கறுப்புப் பையன் பனி பெய்த காலையில் வெளியே போகிறான். கால்தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். தூங்கப்போகும் முன் பார்த்தால் பை காலி. அவ்வளவுதான். நிறம் என்ற பேச்சே இல்லை. லாரிக்கின் குறை அதுதான்: படத்தில் உள்ள நிறம் எழுத்தில் ஏன் இல்லை? அம்மாவின் உருவம் பழைய வார்ப்பில் இருப்பதாகவும் சொன்னார். இரண்டாவது ஆட்சேபம் நியாயம். முதலாவதை நான் ஏற்கவில்லை. காலியான சட்டைப்பையைப் பார்த்து வருந்தும் ஒரு பையனைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரிப்பதில்லை. தன் பையைத் தொட்டுப் பார்க்கும். பிறரை மதிப்பது என்பது குழந்தையின் அனுபவத் தளத்தில் இதுவாகத்தான் இருக்க முடியும்.

1996-ல் சாம்போவுக்கே இரண்டு மறுபிறவிகள். ஒன்று ஃபிரெட் மார்ஸெலினோ வரைந்தது. கதை கிட்டத்தட்ட அப்படியே; பெயர்களை மட்டும் மாற்றி, பையனை இந்தியனாக்கினார். கதை நல்ல கதை, நோய் பெயரிலும் படத்திலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மாற்றிய பெயர்கள்: பையன் பாபாஜி, அப்பா பாபாஜியோடு ஒலிக்கும்படி பப்பாஜி, அம்மா மாமாஜி. இந்தியில் மாமாஜி என்றால் அம்மாவின் அண்ணன் தம்பி! பாபாஜி என்றால் பெரியவர் அல்லது சாமியார். மரியாதை செய்யத்தான் கிளம்பினார். தெருவில் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாம். தெரிந்துகொள்ளாத மரியாதை எங்கே போய் முடியும் என்பதற்கு அம்மாவை மாமாவாக்கிய இந்தப் புத்தகமே உதாரணம்.

மற்றது ஜூலியஸ் லெஸ்டர் எழுதி ஜெர்ரி பிங்க்னி வரைந்தது. இருவரும் கறுப்பர்கள். ஊரில் எல்லோருக்கும் பெயர் சாம் - அப்பா, அம்மா, பையன், அத்தனை பேருக்கும். ஒருவனைக் குத்திய பெயரை ஊருக்கே பொதுவாக்கியதும் முள் மழுங்கிவிட்டது. புத்தகத்தைத் தடை செய்யாமல், மன்னிக்கவும் செய்யாமல், வாங்கித் திருப்பி எழுதுவது என்ற இந்தக் காரியம் விமர்சனத்தின் உச்சம் என்று சொல்வேன்.

நம் கதைக்கு வருவோம். என் பெண் வீட்டில் எல்லோரையும் வரைவாள். முகத்துக்கு வண்ணம் தீட்ட அவள் கேட்பது 'ஸ்கின் கலர்' கிரேயான். வெளிறிய ரோஜா நிறம். அமெரிக்காவில் அந்த வண்ணத்துக்கு 'சதை' என்று பெயர் வைத்திருந்த கம்பெனி 1962-லேயே பெயரை மாற்றிவிட்டது. நம் குழந்தைகளின் வாயில் அது இன்னமும் தோலின் நிறம்தான். அவள் அம்மா கறுப்பு, அவளும் கறுப்பு. படத்தில் இருவரும் ரோஜா நிறம். இதை எந்தக் கருத்தும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கறுப்பாயிருந்தாலும் களையாக இருக்கிறாள் என்று பெண் பார்த்த அன்று எங்கள் வீட்டில் சொன்ன வாக்கியத்திலுள்ள அந்த 'உம்' சொல்லித்தந்தது. எந்தத் தெருவிலிருந்து வரும் பையனோடு விளையாடும்போது பாட்டியின் குரல் மாறுகிறது என்பது சொல்லித்தருகிறது. இலக்கணத்திலும் தொனியிலும் நாம் தினம் வெளியிடும் அந்தப் புத்தகத்துக்குமுன் எந்தக் குழந்தைக் கதையும் எம்மாத்திரம்?

போன வாரம் சாம்போவை மறுபடி எடுத்தேன். அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன், இவன் நம்ம ஊர்ப் பையன்தான் என்றேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப ஏன் இப்படி வரைஞ்சிருக்காங்க?"

"வரைஞ்சவங்களுக்கு நம்மளைச் சரியாத் தெரியாது."

"இங்கேயேதானே இருந்தாங்கன்னு சொன்னே?"

முப்பது வருஷம் என்று சொன்னேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள்.