சதுர அடிக்கு எத்தனை வாட்?

வணிகக் கட்டடம் ஒன்றுக்கு மின் அமைப்பை வகுக்கும் பொறியாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இக்கட்டடம் ஒரே நேரத்தில் அதிக அளவாக எவ்வளவு மின்சாரம் கேட்கும்? கம்பியின் பருமன், மின்மாற்றியின் அளவு, பாதுகாப்புச் சாதனங்களின் திறன் யாவும் இவ்விடையைப் பொறுத்தவை. அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டுவது, 1897-இல் முதன்முதலாக வெளிவந்து, இப்போது மூன்றாண்டுக்கு ஒரு முறை திருத்தப்படும் தேசிய மின்சார விதித்தொகுப்பு. அது கூறும் மின்பளுக் கணக்கை இங்கு ஆராய்வோம்.

முதலில் நிறைகள். கட்டடத்திலுள்ள எல்லாச் சாதனங்களும் ஒருசேர இயங்குவதில்லை என்ற உண்மையை இத்தொகுப்பு நன்கு உணர்ந்துள்ளது. பிளக் பாயின்ட் ஒன்றுக்கு 180 வோல்ட்-ஆம்பியர் எனக் கணக்கிட வேண்டும். 200 பிளக் பாயின்ட்டுகளுக்கு இது 36,000 ஆகும். ஆனால் முதல் 10,000-ஐ முழுமையாகவும், எஞ்சிய 26,000-இல் பாதியையும் எடுத்துக்கொண்டால் போதும். மொத்தம் 23,000 தான். அறையைச் சூடாக்கும் சாதனமும் குளிரூட்டும் சாதனமும் ஒரே வேளையில் இயங்கா என்றால், இரண்டில் பெரியதை மட்டும் சேர்த்தால் போதும். இவை அறிவுக்கு உகந்த விதிகள்.

விளக்குக் கணக்கில்தான் குறை தென்படுகிறது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அலுவலகத்திற்குச் சதுர அடிக்கு 3.5 வோல்ட்-ஆம்பியர் எனக் கொள்ள வேண்டியிருந்தது. 20,000 சதுர அடிக் கட்டடத்திற்கு இது 70,000. நெடுநேரம் எரியும் விளக்குகள் என்பதால் 25 விழுக்காடு கூட்டினால் 87,500. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வெண்ணை 1.3 ஆகக் குறைத்தது. அந்த 25 விழுக்காடும் இதிலேயே அடங்கும். ஆகவே அதே கட்டடத்திற்கு 26,000 போதும். முன்னைய கணக்கில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

கட்டடம் மாறவில்லை, விளக்கு மாறியது. 40 வாட் குழல் விளக்கு இருந்த இடத்தில் 18 வாட் அளவிலான எல்.இ.டி. குழல் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அட்டவணை விழித்துக்கொண்டது.

"கூடுதலாகக் கணக்கிட்டால் பாதுகாப்புத்தானே?" என்று கேட்கலாம். கம்பியின் அளவில் அது ஓரளவு உண்மை. மின்மாற்றியில் அப்படியன்று. பளு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் இரும்பு உள்ளகம் இரவு பகலாக மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குகிறது. அளவு பெருகினால் பொதுவாக இவ்விழப்பும் பெருகும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் பெரிய மின்மாற்றியிலிருந்து பாயும் மின்னோட்டமும் பொதுவாக அதிகம். அருகில் பணிபுரியும் தொழிலாளிக்கு ஆபத்தும் கூடக்கூடும். தேவைக்கு மீறிய அளவு செலவை மட்டுமன்றி இடரையும் வளர்க்கிறது.

நாளை மின்கார்களுக்கு மின்னேற்ற வேண்டிவரும், கணிப்பொறிகள் பெருகும் என்பது மற்றொரு வாதம். அது நியாயமானதே. ஆனால் வருங்காலத்திற்கான ஒதுக்கீட்டை அதன் பெயராலேயே வெளிப்படையாகக் காட்ட வேண்டும். விளக்குக் கணக்கினுள் ஒளித்து வைத்தால், எது தேவை, எது ஒதுக்கீடு என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இந்நூலிலேயே இதற்கு மருந்தும் உள்ளது. ஏற்கெனவே இயங்கும் கட்டடத்தில் புதிய பளுவைச் சேர்க்கும்போது, ஓராண்டில் அளந்த உச்சத் தேவையை 1.25-ஆல் பெருக்கி, அதனுடன் புதிய பளுவைக் கூட்டலாம் என்கிறது அது. பழைய கட்டடத்தில் மீட்டரை நம்பும் நூல், புதிய கட்டடத்தில் அட்டவணையை மட்டும் நம்புவானேன்? இயங்கும் கட்டடங்களின் அளவீடுகளைத் திரட்டி, ஒவ்வொரு பதிப்பிலும் அட்டவணையை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துவதே முறை. எந்த ஆண்டில், எவ்வகை விளக்குகளை அளந்து பெற்றது என்ற குறிப்பும் ஒவ்வோர் எண்ணின் அருகே இருக்க வேண்டும். அக்குறிப்பு இருந்தால்தான், எண் எப்போது பழையதாகிவிட்டது என்பதைப் பொறியாளர் தாமே கண்டுகொள்ள முடியும்.