மாற்றுப்பாதையில் விடுபட்டவர்: காந்திபுரத்துச் சாலைப்பணிகள் குறித்த ஒரு மதிப்பீடு

வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் சாலையை மூடாமல் அதன் ஒரு பகுதியில் கட்டுமான வேலையை நடத்துவதற்கான முன்னேற்பாடு ‘பணிப்பகுதிப் போக்குவரத்து மேலாண்மை’ எனப்படுகிறது. இந்தியச் சாலைப் பேரவை 2001இல் வெளியிட்டு 2014இல் திருத்திய வழிகாட்டு நெறிகள், வேலை நடக்கும் சாலைப்பகுதியை நான்காகப் பகுக்கின்றன. வேலை நடப்பதை முன்கூட்டி உணர்த்தும் எச்சரிக்கைப் பகுதி முதலாவது. வண்டிகளைச் சிறிது சிறிதாக ஒதுக்கி மாற்றுத் தடத்துக்குக் கொண்டுசெல்லும் ஒடுங்குபகுதி இரண்டாவது. வேலை நடக்கும் இடமும், வண்டிகள் பழைய தடத்துக்குத் திரும்பும் இடமும் எஞ்சிய இரண்டாகும்.

இந்தப் பகுப்பு கோவையில் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அளந்தறியக் காந்திபுரத்தைவிடக் கடினமான களம் இல்லை. டவுன் பஸ் நிலையம், திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் செல்லும் பேருந்துகள் புறப்படும் மத்தியப் பேருந்து நிலையம், விரைவுப் பேருந்துகளுக்கான திருவள்ளுவர் பேருந்து நிலையம், சத்தி சாலையின் ஆம்னி பேருந்து நிலையம் ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருப்பதால், ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவோர் அனைவரும் இடையில் நடந்தே தீரவேண்டும். நஞ்சப்பா சாலை, நூறடிச் சாலை, கடைகள் நெருங்கிய கிராஸ்கட் சாலை ஆகியவற்றின் நெரிசலும் இங்கேதான் வந்து சேர்கிறது. 2017இல் முதல் அடுக்கு திறக்கப்பட்ட இரண்டடுக்கு மேம்பாலம் இந்த நெருக்கடிக்குள்தான் எழுப்பப்பட்டது.

கோவையில் வளர்ந்துவந்துள்ள நடைமுறையின் நிறைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலத்தில், பாலத்தின் மேற்கட்டுமானத் துண்டுகள் வேறோர் இடத்தில் வார்க்கப்பட்டுக் கொண்டுவந்து தூண்களின்மேல் கோக்கப்பட்டன. அதனால் சாலையின் நடுவே நீண்ட காலம் சாரம் கட்டி அடைத்துவைக்கும் தேவை குறைந்தது. கட்டுமான முறையே போக்குவரத்துத் திட்டத்தின் பாதியைச் செய்துவிட முடியும் என்பதற்கு இது சான்று. சிக்னல்களை அகற்றி, சற்றுத் தள்ளி யூ-டர்ன் அமைக்கும் முறையும் குறுக்கே பாயும் வண்டிகளின் மோதலைக் குறைத்து ஓட்டத்தைச் சீராக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம், உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும் என்று அனுமதிப்பதால், மாற்றுப்பாதையை விரைவாக நடைமுறைப்படுத்தவும் முடிகிறது.

ஆனால் இந்த நிறைகள் எல்லாம் வண்டியின் பார்வையில் கணிக்கப்பட்டவை. சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும் சில நொடிகள்தான், வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில், நடப்பவர் சாலையைக் கடப்பதற்குக் கிடைத்த ஒரே இடைவெளி. வண்டி நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காக அந்த இடைவெளியை நீக்கும்போது, அதற்கு மாற்றாகக் கடவுப்பாதை எதுவும் தரப்படாவிட்டால், ஒருவருடைய தாமதம் மற்றொருவருடைய ஆபத்தாக மாறுகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. நடப்பவருக்குப் பாதுகாப்பான வழி விடவேண்டும் என்று நெறிகள் கூறினாலும், நகரப் பணிகளில் முதலில் அடைபடுவது நடைபாதையே. தடுப்பும் மண்மேடும் வந்தமரும் இடம் அதுவாகவே இருப்பதால், பயணி சாலைக்குள் இறங்கி வண்டிகளோடு நடக்கிறார்.

அடுத்த குறை, திட்டம் ஒரு நாளில் உறைந்துவிடுவது. மேம்பாலப் பணி மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிலைத்திருப்பதால் அதற்கு வரைபடம் பொருந்துகிறது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பி ஆகியவற்றுக்கான பள்ளமோ நாள்தோறும் நகர்ந்துகொண்டே போகிறது. ஒடுங்குபகுதிக்கு இடமே இல்லாத குறுகிய தெருவில், நெடுஞ்சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நான்கு பகுப்பு, இரண்டு மணல்மூட்டையும் ஒரு ரிப்பனுமாகச் சுருங்கிவிடுகிறது. சிறிய பணி என்பதால் இது கவனத்துக்கு வருவதில்லை. ஆனால் நகரம் அடிக்கடி எதிர்கொள்வது இத்தகைய பணிகளைத்தான்.

இக்குறைகளின் வேர் செலவுக் கணக்கில் இருக்கிறது. போக்குவரத்து ஏற்பாட்டைத் தனியாக அளந்து பணம் கொடுக்காமல், முதன்மை வேலையின் துணைச் செலவாகக் கருதும் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு தடுப்பும் ஒவ்வோர் இரவு விளக்கும் ஒப்பந்ததாரருடைய இலாபத்தைக் குறைக்கும் பொருள்களாகிவிடுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்புத் தரநிலை மீறலால் மரணமோ உடற்குறைபாடோ நேர்ந்தால் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. விபத்துக்குப் பின் எழும் இந்தத் தண்டனை, விபத்துக்கு முன்பு தடுப்பு வைப்பதற்கான ஊக்கமாக அமைவது அரிது.

இடமில்லை, தீபாவளிக் கூட்டத்தில் கிராஸ்கட் சாலையில் எதையும் அகலப்படுத்த முடியாது என்று பொறியாளர் கூறுவது உண்மையே. ஆயினும் இடம் குறைவு என்பது யாருக்கு முதலில் ஒதுக்குவது என்ற கேள்வியை நீக்குவதில்லை, அதைக் கூர்மையாக்குகிறது. நடைவழியை முதலில் வரைந்து, எஞ்சிய அகலத்தை வண்டிகளுக்குப் பகிர்வதும், தடுப்பு, விளக்கு, வழிகாட்டும் ஆள் ஆகியவற்றுக்கு நாள்வாரியாக அளந்து பணம் கொடுப்பதும், பள்ளம் நகரும்போதெல்லாம் ஏற்பாட்டைச் சரிபார்ப்பதும் இன்றைய நெறிகளுக்குள்ளேயே செய்யத்தக்கவை. இரவில் பெட்டியைச் சுமந்து ஒரு பேருந்து நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் சாலைக்குள் இறங்காமல் போய்ச்சேர முடிந்தால், காந்திபுரத்துத் திட்டம் தேறியதாகக் கொள்ளலாம்.