மனோன்மணி யார்?

கல்மண்டபம் சார்ந்த இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் ‘மனோன்மணிக் கண்ணி’யைக் கேட்போரிடையே ஒரு வழக்கு உண்டு. சிற்றின்பப் பாடல் என்பர் சிலர். சைவர் சக்திக்கு வழங்கும் பெயராயிற்றே என ஐயுறுவர் சிலர். இறைவனையே நாயகியாக்கினார்கள் என்பர் மற்றையோர்.

அறபியிலும் இவ்வழக்கு எழுந்ததே. இப்னு அறபி (ரஹ்) அவர்களின் ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ காதற் கவிதைகளை மார்க்கச் சட்ட அறிஞர் சிலர் ஐயுற்றபோது, அவர்களே உரை வரைந்து உட்பொருளை விளக்கினார்கள்.

மஸ்தான் வரைந்த உரை நமக்கில்லை. ஆதலின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு தீர்ப்புரைத்தல் தகாது. ‘அகத்தீசர் சதகம்’ பாடியவரும் அவர்களே, மறைக்க வேண்டுவதில்லை. ‘முகியித்தீன் சதகம்’ பாடியவரும் அவர்களே, மறக்கலாகாது. சொல் சித்தர் மரபினது; நாட்டம் சூபியருடையது. அவர்களின் பாடல்கள் அனைத்தையுமே இக்கண்ணிக்கு உரையாகக் கொள்ளல் வேண்டும். பெயருக்கு அஞ்சி நூலை ஒதுக்கினால், இழப்பு நம் பிள்ளைகளுக்கே.