அடர்த்தியால் நிலத்தை அளக்கலாமா?

ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர்? ஓர் ஊர் நகரமா கிராமமா என்று பிரிக்கவும், நிலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறோமா என்று சொல்லவும் இந்தக் கேள்வியைத்தான் திட்டமிடுவோர் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். எண் கூடினால் சிக்கனம், குறைந்தால் விரயம் என்பது எழுதப்படாத விதி. அந்த விதி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல் எல்லைக்கோடு. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் அடர்த்தி 26,553. 2018இல் மாவட்ட எல்லை விரிந்த மாநகராட்சியோடு பொருந்தும்படி 426 சதுர கிலோமீட்டராக்கப்பட்டது. அந்தப் பரப்பில் 2011இல் வாழ்ந்த சுமார் 67 லட்சம் பேரை வைத்து வகுத்தால் அடர்த்தி 16,000ஐக்கூட எட்டாது. யாரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது. நீலகிரியில் வேறு கதை. மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. அதையும் சேர்த்து வகுப்பதால் ஊட்டி, குன்னூர் நெரிசல் மாவட்ட எண்ணில் கரைந்துபோகிறது.

இரண்டாவது சிக்கல் வரம்பு. நகராட்சி, பேரூராட்சி என்ற சட்டத் தகுதி இல்லாத ஊரையும் கணக்கெடுப்பு நகரமாக எண்ண மூன்று நிபந்தனைகள் உண்டு: 5,000 மக்கள், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் விவசாயத்துக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். 1961இல் இந்த அடர்த்தி வரம்பு சதுர மைலுக்கு 1,000 பேர் என்று வகுக்கப்பட்டபோது நாட்டின் சராசரியே சதுர கிலோமீட்டருக்கு 142தான். அன்றைக்கு 400 என்பது உண்மையான நெருக்கம். 2011இல் நாட்டின் சராசரி 382, கேரளத்தில் 860. அங்கே மலைப்பகுதிகளை விட்டால் இந்த நிபந்தனையில் தோற்கும் கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லோரும் தேறும் தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது. 2001இல் கேரளத்தில் 99ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் பத்தே ஆண்டில் 461 ஆனதற்கு ஆண்கள் வயலை விட்டு வேறு வேலைக்குப் போனதே முக்கியக் காரணம். அடர்த்திக்கு அதில் பெரிய பங்கில்லை.

எல்லைக்கோட்டின் குளறுபடியைத் தவிர்க்க, 2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் வேறொரு முறையை ஏற்றது. உலகை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 1,500 பேராவது இருந்து அடுத்தடுத்த கட்டங்களில் மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அது மாநகரம். 300 பேரும் மொத்தம் 5,000 பேரும் இருந்தால் சிறுநகரத் தொகுதி. மாவட்டக் கோட்டை எப்படி இழுத்தாலும் விடை மாறாது என்பது இதன் பெரிய பலம். ஆனால் 300 என்ற வாசல் இந்தியாவின் சராசரியை விடவும் தாழ்வானது. நெல் நட்டுப் பிழைக்கும் ஊரும் அதில் எளிதாக நுழைந்துவிடும்.

இவற்றைவிட நுட்பமானது மக்கள் எடையிட்ட அடர்த்தி. ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் 900 பேர், மற்றதில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சராசரி 500. ஆனால் பத்தில் ஒன்பது பேர் 900 பேர் நெருங்கிய இடத்தில்தான் வாழ்கிறார்கள். அதைக் கணக்கில் கொண்டால் விடை 820. 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் சாதாரண வகுத்தலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப்பரப்பு சதுர மைலுக்கு 6,999 பேரோடு நியூயார்க்கை (5,319) முந்தியது. பெருநகர வட்டாரங்களுக்கு எடையிட்டுப் பார்த்தபோது நியூயார்க் 31,251, லாஸ் ஏஞ்சல்ஸ் 12,114. தெருவில் நின்று பார்ப்பவர் அறிந்த உண்மையை இந்தக் கணக்கு மீட்டுக் கொடுத்தது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, பேருந்துத் தடம் எங்கே கட்டுப்படியாகும் என்று முடிவெடுக்க இதைவிட நல்ல எண் இல்லை.

ஆனால் நெருக்கத்தை அளப்பது வேறு, சிக்கனத்தை அளப்பது வேறு. தமிழ்நாட்டுக் கிராமத்தையும் கேரளக் கிராமத்தையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும். இங்கே ஏரிக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் நத்தத்தில் வீடுகள் கூடி நிற்கும். நஞ்சையும் புஞ்சையும் ஊருக்கு வெளியே. ஏறக்குறைய மூன்று மடங்கு மழை பெறும் கேரளத்தில் தோண்டிய இடத்தில் கிணறு ஊறியதால் ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்துக்குள் தனியே அமர்ந்தது. எடையிட்ட அடர்த்தி இதைச் சிதறல் என்று சொல்லும். சாலையும் மின்கம்பியும் வீட்டுக்கு வீடு நீள்வதால் செலவு கூடும் என்பதும் சரிதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் தென்னையும் பலாவும் மிளகும் விளைகின்றன. குடியிருக்கும் நிலமே விளையும் நிலமாகவும் இருப்பதை எந்த அடர்த்தி எண்ணும் வரவு வைப்பதில்லை.

இன்னொரு பக்கம், நம் கிராமங்களில் மிக நெருக்கமான குடியிருப்பு பெரும்பாலும் சேரி. சில சென்ட் நிலத்தில் மகன், பேரன் என்று தலைமுறைகள் அடுக்கப்பட்டதற்குக் காரணம் சிக்கனம் அல்ல. வேறிடத்தில் நிலம் தரப்படாததுதான். மறுப்பின் விளைவைத் திறமை என்று பாராட்டும் அளவுகோலை நம்பி நிலக்கொள்கை எழுத முடியாது.

நிலச் சிக்கனத்தை நேரடியாகவே அளக்க முயல்வது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சிக் குறியீடு 11.3.1. கட்டடப் பரப்பு வளரும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தால் வகுப்பது அது. ஒன்றுக்கு மேல் போனால் நிலம் வேகமாகக் கரைகிறது என்று பொருள். கேள்வி சரி, கணக்கு நொண்டுகிறது. 2001க்கும் 2011க்கும் இடையே பத்தனம்திட்டாவிலும் இடுக்கியிலும் மக்கள்தொகை குறைந்தது. வகுக்கும் எண் எதிர்மறையாகிவிட்டால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. 2011இல் கேரளத்தில் பத்தில் ஒரு கட்டடத்துக்கு மேல் ஆளின்றிக் கிடந்தது. கட்டடப் பரப்பை மட்டும் பார்க்கும் கணக்கு அதையும் பயன்பாடு என்றே எழுதும்.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை உண்டு. விளைநிலத்தை வாங்கி, கல் நட்டு, மனை போட்டு விற்றாகிவிட்டது. உழவு நின்றது, வீடு எழவில்லை. ஆள் இல்லாததால் அடர்த்தியில் இது ஏறாது. கூரை இல்லாததால் செயற்கைக்கோள் படத்திலும் கட்டடமாகத் தெரியாது. அரசின் ஒன்பது வகை நிலப்பயன்பாட்டுப் பட்டியலிலும் இதற்கெனத் தனி இனம் கிடையாது. இந்தப் போக்கு முற்றியதால்தான் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விதிகள் பத்திரத்தைச் சரிசெய்தன, போன விளைச்சலைக் கணக்கெடுக்கவில்லை.

ஆக, தீர்ப்பு இது. மாவட்டச் சராசரி அடர்த்தியை நிலக்கொள்கை விவாதத்திலிருந்து விலக்கிவிடலாம். கட்ட முறையையும் எடையிட்ட அடர்த்தியையும் குழாய், சாக்கடை, பேருந்து ஆகிய வசதிகளைத் திட்டமிட வைத்துக்கொள்ளலாம். சிக்கனத்தை அளக்க வேறு எண் வேண்டும்: ஒரு குடும்பம் உண்மையில் குடியேறுவதற்கு எத்தனை சென்ட் விளைநிலம் சாகுபடியை இழந்தது? அதில் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு? இதற்குத் தேவையான தரவு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலும், மனைப்பிரிவு அனுமதிக் கோப்பிலும், வீட்டுவரி ஏட்டிலும் தனித்தனியாக இருக்கிறது. அடங்கல் எப்போதும் நிலத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை என்பதும், தண்ணீர் இல்லாமல் தரிசான நிலத்தையும் மனைக்காகத் தரிசாக்கிய நிலத்தையும் பிரித்தறிய நேரடி ஆய்வு வேண்டும் என்பதும் இதன் குறைகள். ஆனால் அவை உழைத்தால் திருத்தக்கூடியவை. சராசரி அடர்த்தியின் குறை அப்படிப்பட்டதல்ல. கோட்டை எவ்வளவு துல்லியமாக இழுத்தாலும், தலைகளை எவ்வளவு கவனமாக எண்ணினாலும், நிலம் என்ன ஆனது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.