கொன்றவன் முகமும் கொல்லப்பட்டோர் பெயரும்

ஒரு செய்தித்தாளின் நடுநிலையை அறிய அதன் தலையங்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. இறையில்லத்தில் இரத்தம் சிந்தப்பட்ட மறுநாள், அதன் முதற்பக்கம் யாருடைய முகத்தைத் தாங்கி வருகிறது என்று பார்த்தாலே போதும்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோர்மீது ஆஸ்திரேலிய வெள்ளை இனவெறியன் ஒருவன் இரு பள்ளிவாசல்களில் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் உயிர் நீத்தனர். மறுநாள் பிரிட்டனின் டெய்லி மிரர் இதழ் கொலைஞனின் குழந்தைப் பருவப் படத்தை முதற்பக்கத்தில் இட்டு, தெய்வீகக் களை பொருந்திய சிறுவன் கொடியவனான கதையைச் சொல்லிற்று. தீவிர வலதுசாரிக் கொலைகாரன் என்று குறிக்கவும் அது தவறவில்லை. அதனை மறைத்தல் நமக்கு அழகன்று. ஆயினும், 2016இல் அமெரிக்காவின் ஆர்லண்டோவில் 49 பேரைக் கொன்றவன் முஸ்லிம் பெயர் தாங்கியவனாயிருந்தபோது, அதே இதழ் ஐ.எஸ். வெறியன் என்றே தலைப்பிட்டது. அவனுக்கு மட்டும் குழந்தைப் பருவம் இல்லையா? இருவரும் கொடியவர்களே. ஒருவனுக்குக் கதையும் மற்றவனுக்கு முத்திரையும் வழங்கிய எழுதுகோலின்மீதே நம் வழக்கு.

இதனினும் கொடிது, கொல்லப்பட்டோர் பக்கத்திலேயே குற்றவாளியைத் தேடுவது. 2017 ஜனவரி 29 அன்று கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் 6 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மொராக்கோ வழிவந்தவரே சந்தேகத்துக்குரியவர் என அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் அறிவித்தது. அவரோ வெறும் சாட்சி. சுட்டவன் கியூபெக் மண்ணிலேயே பிறந்த மாணவன். கனடியப் பிரதமர் அலுவலகம் எழுத்து மூலம் கண்டித்த பின்னரே அச்செய்தி நீக்கப்பட்டது.

துயரம் நிகழ்ந்த மண்ணின் இதழ்களோ வேறு வழி சென்றன. கிறைஸ்ட்சர்ச்சின் தி பிரஸ் நாளேடு, ஒரு வாரம் கழித்து, தன் முதற்பக்கத்தில் சலாம் என்னும் சொல்லை அரபு எழுத்திலேயே பொறித்தது. கொலைஞனின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்றார் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன். அவன் கொள்கைக்கு மேடையாவதில்லை என்று அந்நாட்டின் ஐந்து முதன்மைச் செய்தி நிறுவனங்கள் 2019 மே மாதத்தில் உடன்பாடு கண்டன. இறந்தவர் அண்டை வீட்டாராயிருந்தமையால் பேனா பொறுப்புணர்ந்தது எனலாம்.

ஆனால் அண்மை மட்டும் போதுமா? எகிப்தின் வட சினாயில், ரவ்ழா பள்ளிவாசலில், 2017 நவம்பர் 24 அன்று ஜும்ஆ வேளையில் 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; அவர்களுள் 27 பேர் சிறார். கொன்றோர் ஐ.எஸ். கொடியேந்தி வந்தனர். செய்தியாளர் தடையின்றிச் செல்ல இயலாத பகுதி அது. பயங்கரவாதச் செயல்கள் குறித்து அரசின் கூற்றுக்கு மாறாகச் செய்தி வெளியிட்டால் பெருந்தொகை அபராதம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுறுத்தியது. மேலைநாட்டு ஏடுகளும் சில நாட்களில் அதனைக் கடந்து சென்றன.

நாம் மட்டும் என்ன செய்தோம்? கிறைஸ்ட்சர்ச்சுக்காகக் கலங்கிய நம் இல்லங்களில் ரவ்ழாவின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? கொன்றவன் பிறனாயின் குமுறுவதும், நம் பெயர் தாங்கியவனாயின் மௌனம் காப்பதும், நாம் பிறர்மீது சாட்டும் அதே குற்றமன்றோ? செய்தி வந்தால் தீர விசாரிக்கப் பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயம், அச்சுக்கூடத்தாருக்கு மட்டும் அருளப்பட்டதன்று; வாசிக்கும் நமக்கும் உரியதே.