பரிவும் ஏற்பாடும்: தேனிக் கண் மருத்துவம் காட்டும் தலைமைப் பண்பு

நோயாளியின் பயத்தையும் ஊழியரின் களைப்பையும் உணர்ந்து, தன் சினத்தையும் அவசரத்தையும் அடக்கி முடிவெடுக்கும் திறனே மருத்துவத் தலைமைக்கு வேண்டிய உணர்வு நுண்ணறிவு. உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் 1990இல் இக்கருத்தை வரையறுத்தனர். டேனியல் கோல்மனின் நூல் 1995இல் அதைப் பரவலாக்கியது. தேனி வட்டாரத்தில் இதன் பலனையும் குறையையும் அரவிந்த் கண் மருத்துவமனையின் பணியில் காணலாம். மருத்துவர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய இந்நிறுவனம், 1985இல் தேனியில் கிளை அமைத்தது.

கண்புரை முகாம்களில் அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. நிர்வாகம் அதை அறியாமை என்று ஒதுக்காமல் காரணத்தை விசாரித்தது. பேருந்துச் செலவு, சாப்பாடு, துணைக்கு ஆளின்மை, கத்தி வைப்பார்களே என்ற பயம் எனத் தடைகள் தெரிந்தன. வண்டி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை மருத்துவமனையே ஏற்றது. ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சென்று திரும்பியதால் பயமும் தணிந்தது. தலைவரின் பரிவு அன்றாட நடைமுறையாக மாறியதே இதன் வலிமை.

ஆனால் இதில் குறைகளும் உண்டு. முதலாவது, பரிவு கண்முன் நிற்பவரையே எளிதில் காண்கிறது. தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி 1999இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். முகாமில் கும்பிட்டு நன்றி சொன்னவர்களை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடைவெளி தெரிந்திராது. வராதவர்களைக் காட்டியது கணக்கெடுப்பே. பின்னர் போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியோடு பேசுகிறார். விடியலில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளருக்கு, வீட்டுக்கு அருகில் மருத்துவம் கிடைப்பது கூலியைக் காப்பதும் ஆகும்.

இரண்டாவது குறை, பரிவின் சுமையை யார் தாங்குகிறார் என்பதில் இருக்கிறது. நோயாளியை வரவேற்பதும், சோதிப்பதும், தைரியம் சொல்வதும் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்களே. முகம் சுளிக்காமல் பேசுவதும் உழைப்புதான் என்பதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் விளக்கினார். எந்த மருத்துவமனையிலும் சேவை மனப்பான்மை என்ற பெயரில் அவ்வுழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடும் ஆபத்து உண்டு. ஓய்வு, ஊதியம், குறையைச் சொல்லும் உரிமை ஆகியவை இல்லாத இடத்தில் கனிவு வெறும் கட்டளையாகிவிடும்.

மூன்றாவது குறை அளவீடு. உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தே தெளிவற்றது என உளவியலாளர் எட்வின் லாக் 2005இல் வாதிட்டார். தன்னைத் தானே மதிப்பிடும் வினாத்தாளில் இனிமையாகப் பேசுபவர் முந்திவிடலாம். நல்ல நிர்வாகி பின்தங்கலாம். ஆகவே பரிவுள்ள தலைவரை அவருடைய பேச்சை வைத்து மதிப்பிடக் கூடாது. சிகிச்சைக்கு வராமலே இருந்தவர்களில் எத்தனை பேர் வரத் தொடங்கினர், ஊழியர் எத்தனை பேர் பணியில் நிலைத்தனர், தலைவர் மாறியபின் ஏற்பாடு நீடித்ததா என்பவையே சரியான அளவுகோல்கள்.