‘மிக’ என்னும் சொல்லும் சிறுவர் விலங்கு நூல்களும்

சிறுவர்க்கான அறிவு நூல்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே அருகியே காணப்படுகின்றது. தகவல் சரியெனின் நூலும் சரியென விட்டுவிடுகின்றோம். அமெரிக்கரான ஸ்ரீவ் ஜென்கின்ஸ் (1952–2021) ஆக்கிய விலங்குப் படநூல்கள் இவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யத் தூண்டுவன.

‘மிகப் பெரியது, மிக வலியது, மிக விரைவானது’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1995 இல் அவரது நூலொன்று வெளிவந்தது. யானை, எறும்பு, வேட்டைச் சிறுத்தை முதலியன வர்ணத் தாள்களை வெட்டியும் கிழித்தும் ஒட்டிய சித்திரங்களாக அதில் இடம்பெறுகின்றன. விலங்கின் நிழலுருவை மனித உருவோடு அல்லது மனிதக் கையோடு அருகருகே வைத்துக் காட்டும் சிறு படங்களே நூலின் உயிர்நிலை எனலாம். 2004 இல் வந்த ‘உண்மைப் பருமன்’ என்னும் பொருளுடைய நூல் இம்முறையை அதன் எல்லைவரை கொண்டுசெல்கின்றது. அங்கே கொரில்லாவின் கை இயற்கை அளவிலேயே வரையப்பட்டுள்ளது. பிள்ளை தன் கையை அதன்மேல் வைக்கின்றது. அளத்தல் என்பது யாதென அக்கணமே அறிந்துகொள்கின்றது. நூறு எண்கள் இதனைச் செய்யா.

ஆயின், சித்திரம் காட்டும் நிதானம் 1995 ஆம் ஆண்டு நூலின் சொற்களில் இல்லை. பாலூட்டிகளுள் மிகச் சிறியது எற்றஸ்கன் மூஞ்சூறு என்கின்றது நூல். நிறையால் நோக்கின் அது பொருந்தும். ஏறத்தாழ இரண்டு கிராமே அதன் நிறை. மண்டையோட்டின் அளவால் நோக்குவோர் 1974 இல் விவரிக்கப்பட்ட தாய்லாந்து வௌவாலொன்றை முன்வைப்பர். ‘மிகச் சிறியது’ எனத் தமிழிற் கூறிய மாத்திரத்தே ‘எவற்றுள்?’ என்ற வினா எழும். ‘எவ்வளவையால்?’ என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும். வேட்டைச் சிறுத்தையின் வேகத்திற்கும் இது பொருந்தும். பொற்சுவானாவில் அவற்றின் கழுத்திற் கருவி பூட்டி அளந்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அதில் உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீற்றராகவே பதிவாயிற்று. நூல்கள் வழக்கமாகக் கூறுவது இதனினும் அதிகம். வேட்டையில் அவற்றுக்குக் கைகொடுப்பது உச்ச வேகத்தினும் திடீரென விரைதலும் திரும்புதலுமே என்பதையும் அவ்வாய்வு உணர்த்திற்று.

பின்னர் வந்த கண்டுபிடிப்புகளுக்காக முன்னர் வந்த நூலைக் குறைகூறல் நியாயமன்று. யார், எவ்வாறு அளந்தார் என்பதற்கு ஒரு வரியேனும் ஒதுக்காமையே எமது குறை. பரீட்சைக்கென ஒரு சொல் விடைகளை மனனஞ் செய்து வளரும் எமது சிறுவர்க்கு இக்குறை சிறிதன்று. நீண்ட ஆயுளுடைய விலங்கு கலாபகோஸ் ஆமை என்று இந்நூலை வாசித்த பிள்ளை எழுதும். ஐஸ்லாந்துக் கடலில் 2006 இல் எடுக்கப்பட்ட கிளிஞ்சலொன்றின் வயதோ 507. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணியே அது கணிக்கப்பட்டது. முதலில் 405 முதல் 410 வரை எனக் கூறிய ஆய்வாளர், 2013 இல் தம் கணக்கைத் தாமே திருத்தினர். எண்ணியதும் பிழைத்ததும் திருத்தியதுமாகிய அக்கதைக்கு ஜென்கின்ஸின் தாட்சித்திரம் எத்துணைப் பொருத்தமாயிருந்திருக்கும்!